பதினேழு நிமிட வெளிச்சம்!

குழந்தைகளே! வெளிநாட்டுக்குப் போய்வர ஆசையா? பாஸ்போர்ட் வேண்டாம், விமான டிக்கெட்டும் வேண்டாம். ஒரு ஸ்வெட்டரை மட்டும் மாட்டிக்கொண்டு என்னோடு வாருங்கள். நாம் போகப்போவது அயர்லாந்து நாட்டில் உள்ள ஸ்லேன் என்ற சின்னக் கிராமத்துக்கு. அங்கே குளிரும் மழையும் அதிகம்!

இங்கிலாந்துக்கு மேற்கே கடலில் இருக்கும் தீவுதான் அயர்லாந்து. அதன் தலைநகர் டப்ளினிலிருந்து வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் போனால் ஸ்லேன் வந்துவிடும். பாய்ன் ஆறு, பச்சைப் புல்வெளி, மேயும் மாடுகள்... பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி!

ஊர் நடுவே நாற்சந்தி. அதன் நான்கு மூலைகளிலும் ஒரே மாதிரியான நான்கு கல்வீடுகள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. ஓயாமல் சண்டை போட்ட நான்கு சகோதரிகள், ஒருவரையொருவர் கண்காணிக்க இப்படிக் கட்டிக்கொண்டார்களாம். இது ஊரார் சொல்லும் வேடிக்கைக் கதை. உண்மையில் அவை 18ஆம் நூற்றாண்டில் திட்டமிட்டுக் கட்டப்பட்டவை.

ஊருக்கு வெளியே சாலையோரம் ஒரு சிறிய வீடு. பிரான்சிஸ் லெட்விட்ஜ் என்ற கவிஞர் வளர்ந்த வீடு அது. 1887இல் பிறந்த இவர், சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வயலிலும், சாலை போடும் பணியிலும், தாமிரச் சுரங்கத்திலும் உழைத்தார். உழைத்துக்கொண்டே கவிதை எழுதினார். முதல் உலகப் போருக்குப் போனவர் 1917இல் பெல்ஜியத்தில் உயிரிழந்தார். அப்போது வயது 29தான். அவர் வீடு இப்போது அருங்காட்சியகம்.

இனி, சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அதிசயத்துக்குப் போவோமா? அதன் பெயர் நியூகிரேஞ்ச்.

தூரத்திலிருந்து பார்த்தால் புல் முளைத்த பெரிய மேடு. குறுக்களவு சுமார் 85 மீட்டர், உயரம் சுமார் 13 மீட்டர். இது இயற்கையான குன்று அல்ல; இறந்தவர்களுக்காக மனிதர்கள் எழுப்பிய கல்லறை. வயது எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 5,200 ஆண்டுகள்! எகிப்தின் பெரிய பிரமிடைவிட சுமார் 600 ஆண்டுகள் மூத்தது.

கட்டியவர்கள் யார்? சாதாரண விவசாயிகள். அவர்களிடம் இரும்பு இல்லை, சக்கரம் இல்லை, எழுத்தும் இல்லை. ஆனாலும் மேட்டைச் சுற்றி 97 பெரிய கற்களை நட்டார்கள். பலவற்றில் சுருள் சுருளாகக் கோலம்போல் செதுக்கினார்கள். வெள்ளைப் படிகக் கற்களைத் தெற்கே வெகுதூரத்தில் உள்ள விக்லோ மலைப்பகுதியிலிருந்து கொண்டுவந்தார்கள். உள்ளே 19 மீட்டர் நீளத்துக்கு ஒரு குறுகலான பாதை. அதன் முடிவில் ஓர் அறை. சுண்ணாம்பு, சாந்து எதுவும் இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய அந்த அறையின் கூரை, 5,000 ஆண்டுகளாக ஒழுகவில்லை!

காலப்போக்கில் வாசல் மூடிப்போயிற்று. 1699இல் சாலை போடக் கல் எடுக்க வந்த கூலியாட்கள்தான் அதைத் தற்செயலாகக் கண்டார்கள்.

பிறகு 1962இல் ஓ கெல்லி என்ற தொல்லியல் பேராசிரியர் இங்கே அகழாய்வைத் தொடங்கினார். வாசலுக்கு மேலே ஜன்னல்போல ஓர் இடைவெளி இருந்தது. "இது எதற்கு?" என்று யோசித்தார். குறிப்பிட்ட ஒரு நாளில் சூரியன் உள்ளே வரும் என்று அந்த வட்டாரத்தில் பரம்பரையாக ஒரு பேச்சு இருந்தது. ஆனால் பார்த்ததாகச் சொல்ல ஒருவரும் இல்லை. வேறோர் இடத்துக் கதையை மாற்றிச் சொல்கிறார்கள் என்றுதான் முதலில் அவரும் நினைத்தார். ஆனாலும் 'கட்டுக்கதை' என்று அதை ஒதுக்கிவிடவில்லை. பாதை தென்கிழக்கு நோக்கி இருப்பதைக் கவனித்தார். ஆண்டிலேயே பகல் மிகக் குறைவான நாளில் சூரியன் அந்தத் திசையில் அல்லவா உதிக்கும்!

1967 டிசம்பர் 21. விடியுமுன்னே போய், கும்மிருட்டான அந்த அறைக்குள் தன்னந்தனியே காத்திருந்தார். மணி 8.58. கூரை இடைவெளி வழியாக மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று உள்ளே நுழைந்தது. தரையில் ஊர்ந்து ஊர்ந்து அறைவரை வந்தது. அகலமானது. அறையே ஒளிர்ந்தது! சுமார் 17 நிமிடங்கள். பிறகு மறுபடியும் இருட்டு.

அயர்லாந்தில் அந்த நாளில் பகல் வெறும் ஏழரை மணி நேரம்தான். அதன்பின் பகல் வளரத் தொடங்கும். கடும் குளிர்காலத்தில் விவசாயிகளுக்கு அதைவிட நல்ல செய்தி வேறென்ன இருக்க முடியும்?

1993இல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்த ஒளியை உள்ளே நின்று பார்க்க ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பிக்கிறார்கள். இடமோ சிறிது. அதனால் குலுக்கல்! சீட்டு எடுப்பவர்கள் யார் தெரியுமா? அக்கம்பக்கத்துப் பள்ளிக் குழந்தைகள்தான். குலுக்கலில் ஜெயித்தாலும், அன்று மேகம் மூடினால் ஏமாற்றம்தான்!

குழந்தைகளே, நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். காலையில் ஜன்னல் வழியாகச் சுவரில் வெயில் விழும் இடத்தில், அம்மாவிடம் கேட்டுவிட்டு, பென்சிலால் சின்னப் புள்ளி வையுங்கள். பக்கத்தில் தேதி எழுதுங்கள். மாதம் ஒருமுறை அதே நேரத்தில் இதைச் செய்யுங்கள். புள்ளிகள் நகர்ந்துகொண்டே போகும். பூமி சாய்ந்தபடி சூரியனைச் சுற்றுவதால்தான் இப்படி.

இதைத்தான் அந்த விவசாயிகள் பொறுமையாகக் கவனித்துக் கல்லில் கட்டிவைத்தார்கள். தாத்தா, பாட்டி பழைய செய்தி ஏதாவது சொன்னால் சிரித்து ஒதுக்காதீர்கள். அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். ஓ கெல்லியைப்போல நேரில் போய்ப் பாருங்கள். என்ன, நாளைக் காலையே முதல் புள்ளியை வைத்துவிடலாமா?