விளக்குதல்: பழைய கார்களின் எவர்சில்வர் பட்டைகளை முன்வைத்து

தமிழில் ‘விளக்குதல்’ என்னும் சொல் இருபொருள் தரும். ஒன்றன் பொருளைப் புரியச் செய்வதும் விளக்குதல். பாத்திரத்தைத் துலக்குவதும் விளக்குதல். வகுப்பறையில் முதற்பொருளோடு காலங்கழிக்கும் என்போன்றோர்க்கு இரண்டாம் பொருளைக் கற்பித்தது, பெரம்பூரில் எங்கள் குடும்பத்துப் பழைய கார் ஒன்றின் கண்ணாடியைச் சுற்றி ஓடிய எவர்சில்வர் பட்டையாகும்.

மங்கிக் கிடந்த அப்பட்டையைக் கழற்றி, இரும்பு நார் கொண்டு அரைநாள் தேய்த்தேன். நன்றாகவே பளபளத்தது. ஐப்பசி மழை ஓய்ந்தபின் பார்த்தால், பட்டையெங்கும் செம்பழுப்பு நிறப் புள்ளிகள். “துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் வைத்திருக்கிறீர்களே, இது என்னப்பா?” என்று பெரியத்தா கேட்டார். அவர் கேள்விக்கு விடைதேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

எஃகில் ஏறத்தாழ 10.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் குரோமியம் சேர்ந்தால் அது துருவை எதிர்க்கும். அக்குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி, கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய படலமாக மேற்பரப்பில் படிகிறது. கீறினாலும் காற்றுப்பட்டதும் படலம் தானே மீண்டும் உருவாகும். எனின், என் பட்டையில் துரு வந்தது எவ்வாறு? இரும்பு நாரின் நுண்துகள்கள் பரப்பில் பதிந்து, மழை ஈரத்தில் அவை துருப்பிடித்தன. துரு நாரினுடையது, பழி பட்டைக்கு! கடற்காற்று எட்டும் வடசென்னையில் உப்பும் இதற்குத் துணைசெய்யும். உப்பிலுள்ள குளோரைடு அப்படலத்தையே துளைத்துச் சிறு குழிகளை உண்டாக்க வல்லது.

பெரம்பூர்க்காரர்க்கு இவ்வுலோகம் புதிதன்று. 1955 அக்டோபர் 2ஆம் நாள் நேரு அவர்கள் தொடங்கிவைத்த இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை நெடுங்காலம் சாதாரண எஃகினால் பெட்டிகள் கட்டியது. அவ்வகையின் கடைசிப் பெட்டி 2018 ஜனவரியில் வெளியேறியது. இன்று அங்கு உருவாகும் பெட்டிகளின் கூடு துருப்பிடிக்காத எஃகே. ஆயினும் ரயில் பெட்டிக்கு மாற்றுத் தகடு கிடைக்கும். பழைய காரின் பட்டைக்குக் கிடைப்பது அரிது. வண்டலூரில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றோ நின்றது; அம்பாசிடரும் 2014இல் நின்றது. புதுப்பேட்டைக் கடைகளில் நாட்கணக்கில் அலைந்தாலும் பொருந்தும் பட்டை கிடைக்குமென்ற உறுதியில்லை. அப்பட்டையின் தடிமனோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மெருகிடுதல் என்பது ஒன்றைப் பூசுதலன்று. உள்ளதைச் சிறிது சிறிதாக அகற்றுதல். ஆதலின் ஒவ்வொரு மெருகும் பட்டையின் ஆயுளில் ஒரு பங்கைத் தின்கிறது.

முதற்கண் உலோகம் எதுவென அறிதல் வேண்டும். பித்தளை அல்லது இரும்பின்மேல் நிக்கலும் குரோமியமும் முலாம் பூசிய பகுதியைச் சக்கரத்தில் பிடித்தால் முலாம் போய்விடும். அலுமினியப் பட்டையாயின் அதன் காப்புப்படலம் அழியும். காந்தத்தை ஒட்டிப் பார்த்து முடிவுசெய்வதும் சரியன்று. பாத்திரக் கடையில் காந்தம் ஒட்டினால் மட்டச் சரக்கென நம் இல்லத்தரசியர் ஒதுக்குவர். ஆனால் நிக்கல் சேராத எவர்சில்வர் வகையொன்று காந்தத்தை ஈர்க்கும். கார்ப் பட்டைகள் பலவும் அவ்வகையினவே.

அடுத்து, நெளிவெடுத்தல். பட்டையின் முகத்தை மரக்கட்டையில் கவிழ்த்துவைத்து, பின்புறமிருந்து சிறு சுத்தியால் மெல்லத் தட்டுவர். ஓங்கி அடித்தால் உலோகம் நீண்டு புடைக்கும். பிறகு அதைச் சரிசெய்தல் முதல் நெளிவினும் கடினம். மென்மையாக அரம் ஓட்டினால் மேடு மின்னும், பள்ளம் மங்கலாய் நிற்கும். மீண்டும் தட்ட வேண்டிய இடம் அதனால் தெரியவரும்.

பின்னர் உப்புத்தாள். 220, 320, 400, 600 என எண் ஏற ஏறத் தாள் நுண்மையாகும். ஒவ்வொரு தாளையும் முந்தையதற்குக் குறுக்காக ஓட்டுதல் இதன் நுட்பம். பழைய கீறல் முற்றும் மறைந்ததா என்பதை அப்போதுதான் கண் காணும். அவசரத்தில் ஒரு படியைத் தாண்டினால், மெருகேறியபின் அக்கீறல் முன்னிலும் தெளிவாய்த் தோன்றும்.

இறுதியில் பஃப் சக்கரம்: முதலில் நார்ச்சக்கரம், பிறகு பருத்தித் துணிச்சக்கரம். பச்சைநிறப் பாலிஷ் கட்டியைச் சக்கரத்தில் தடவிப் பிடிப்பர்; அப்பச்சையும் குரோமியம் ஆக்சைடே. எவர்சில்வர் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஓரிடத்திலேயே அழுத்தினால் நீலம்பாரித்துக் கோணிவிடும். சக்கரம் விளிம்பைவிட்டு வெளியே ஓடுமாறு பிடிக்க வேண்டும்; விளிம்பை எதிர்த்து ஓடினால் பட்டையைப் பறித்து வீசும். கைவிரல் இழந்தோர் உண்டு.

இவ்வேலையை இன்றும் செய்து தருபவர்கள் பெரும்பாலும் பாத்திரப் பட்டறைத் தொழிலாளர்களே. நம் அடுக்களையின் பளபளப்பு அவர்தம் நெஞ்சில் தூசியாய்ப் படிகிறது. வாயில் கட்டிய கைக்குட்டை அந்நுண்துகளைத் தடுக்காது. தூசியை உறிஞ்சும் விசிறியும் தக்க முகமூடியும் தேவை. நான் சென்ற பட்டறையில் இரண்டும் இல்லை. காரின் அழகுக்கு ஆயிரக்கணக்கில் செலவிடுவோர் ஒரு முகமூடியையும் வாங்கிச் செல்லலாமே!

என் பட்டையை அங்குக் கொடுத்தபோது, முதியவர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். துருப்புள்ளிகள் போய்விடும் என்றார். ஒரு மூலையில் இருந்த ஆழமான கீறலைக் காட்டி, “இது இருக்கட்டும் சார். இதை எடுத்தா பட்டை காகிதமாயிடும்” என்றார். அக்கீறலோடுதான் அது இன்றும் வண்டியில் இருக்கிறது.