பாட்டுக்குப் பின்னால் ஓர் உறுமல்

உங்கள் வீட்டில் ஆம்பிளிபயரும் ஸ்பீக்கர்களும் இருக்கின்றனவா? பாட்டு எதுவும் போடாமல் ஸ்விட்சை மட்டும் போட்டுவிட்டு, ஸ்பீக்கரின் அருகே சென்று கேளுங்கள். 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் வருகிறதா? காதை ஒட்டி வைத்தால்தான் கேட்கிறது என்றால் கவலையில்லை. அறையின் மறுகோடி வரை கேட்டால் எங்கோ கோளாறு இருக்கிறது. எங்கே என்பதை, ஒரு திருகாணியையும் கழற்றாமல், பெரும்பாலும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். அது நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது. இது நேராக ஒலிப்பாதையில் கசிந்தால் 50 ஹெர்ட்ஸ் உறுமல் பிறக்கும். ஆனால் ஆம்பிளிபயர் இயங்குவதற்கு வேண்டியது நேர்திசை மின்சாரம். டிரான்ஸ்பார்மர் வைத்த ஆம்பிளிபயர்களில், டையோடுகள் எதிர்த்திசையில் வரும் பாதி அலையையும் நேர்த்திசைக்குத் திருப்பிவிடுகின்றன. எனவே ஒரு சுற்றுக்கு இரண்டு மேடுகள், நொடிக்கு 100. இந்த மேடுபள்ளங்களை நிரவுவது ஒரு பெரிய மின்தேக்கி. மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும், மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாயில் தண்ணீர் சீராக வருகிறதல்லவா? அதே வேலைதான். வயதாகி மின்தேக்கியின் உள்ளேயுள்ள மின்பகு திரவம் உலர்ந்தால், தொட்டி சிறுத்துவிட்டது என்று பொருள். அப்போது 100 ஹெர்ட்ஸ் தலைகாட்டும்.

சங்கீதம் பயில்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் பெண்களின் ஆதார ஸட்ஜம் ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸ். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே 98. மின்தேக்கி கெட்ட ஆம்பிளிபயர் அநேகமாக அந்தச் சுருதியில்தான் உறுமும்! இருந்தாலும் சுருதியை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறிவிடாதீர்கள். சிறிய ஸ்பீக்கர்களால் 50 ஹெர்ட்ஸைச் சரிவர ஒலிக்க முடியாது. அதன் மடங்குகளே காதில் விழும்.

ஆகவே இன்னொரு சோதனை. வால்யூம் குமிழை முழுவதும் குறைத்துவிடுங்கள். உறுமல் அப்படியே நிற்கிறதா? கோளாறு அந்தக் குமிழுக்குப் பிறகு, பெரும்பாலும் மின்வழங்கியில். இது மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். எனவே பெட்டியைத் திறக்காதீர்கள்.

குமிழோடு சேர்ந்து உறுமலும் குறைகிறதா? அப்படியானால் அது வெளியிலிருந்து கேபிள் வழியாக நுழைகிறது. ஆம்பிளிபயரை நிறுத்திவிட்டு எல்லாக் கேபிள்களையும் உருவுங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொரு முறையும் கேளுங்கள். எதைச் செருகியதும் உறுமல் திரும்புகிறதோ, அங்கேதான் குற்றவாளி.

அது பலமுறை மடிக்கணினியாக இருக்கும். அதன் சார்ஜரைப் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் சட்டென்று நின்றால், நீங்கள் பிடித்திருப்பது 'எர்த் வளையம்' எனப்படும் கோளாறு. ஆம்பிளிபயரின் மூன்று பின் பிளக்கில் ஓர் எர்த் கம்பி இருக்கிறது. சார்ஜரின் பிளக்கில் இன்னொன்று. சுவருக்குள் இரண்டும் சேர்கின்றன. வெளியே, ஒலிக் கேபிளின் மேற்புறப் பின்னல் உறையும் இரண்டு கருவிகளையும் இணைக்கிறது. ஆக, ஒரு மூடிய வளையம் தயார்! சுற்றியுள்ள மின்கம்பிகளின் மாறும் காந்தப்புலம் இந்த வளையத்தை ஊடுருவும்போது, 1831-ல் பாரடே கண்டறிந்த விதிப்படி அதில் மின்னோட்டம் தூண்டப்படும். இரண்டு எர்த்துகளுக்கும் இடையே இருக்கும் சிறு மின்னழுத்த வேறுபாடும் இதற்குத் துணை சேரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உறையின் மின்தடை 0.1 ஓம், அதில் ஓடுவது 20 மில்லி ஆம்பியர் என்று கொள்வோம். ஓம் விதிப்படி 2 மில்லி வோல்ட் கிடைக்கிறது. பாட்டின் சைகை 500 மில்லி வோல்ட் என்றால், அதில் 250-ல் ஒரு பங்கு உறுமல். பாட்டு ஓங்கி ஒலிக்கையில் தெரியாது. இடைவெளியில் தெளிவாகக் கேட்கும்.

இதை நீக்குவதற்குச் சிலர் கையாளும் வழி, எர்த் பின்னை உடைத்துவிடுவது அல்லது கம்பியைத் துண்டித்துவிடுவது. உறுமல் உண்மையிலேயே நின்றுவிடும். அதனால்தான் இந்த யோசனை ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகிறது. ஆனால் ஒரு நாள் உள்ளே காப்பு தேய்ந்து மின்கம்பி உலோகப் பெட்டியைத் தொட்டால் என்ன ஆகும்? எர்த் இருந்தால் பெருமின்னோட்டம் அதன் வழியே பாய்ந்து பியூஸ் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி முழுவதும் 230 வோல்ட் பேசாமல் காத்திருக்கும், தொடப்போகும் கைக்காக. பாட்டுக் கேட்க வந்தவர் உயிரை விட வேண்டுமா? எர்த் பின்னில் கை வைக்கவே கூடாது.

நேர்மையான வழிகள் இருக்கின்றன. எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகுங்கள், வளையம் சிறுத்துவிடும். ஒலிக் கேபிளை மின்கம்பியோடு சேர்த்துக் கட்டாதீர்கள். குறுக்கிட்டே ஆக வேண்டுமானால் செங்குத்தாகக் கடக்கட்டும். அப்படியும் நிற்காவிட்டால், ஒலிப்பாதையில் சிறு தனிப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் ஒன்றைச் சேர்க்கலாம். அதன் இரு சுருள்களையும் கம்பி இணைப்பதில்லை, காந்தப்புலமே இணைக்கிறது. பாட்டு கடந்துவிடும், வளையம் அறுந்துவிடும். இசைத்தட்டுக் கருவி வைத்திருப்பவர்கள் அதனுடன் வரும் மெல்லிய எர்த் கம்பியை ஆம்பிளிபயரின் திருகில் முடுக்கியிருக்கிறோமா என்று முதலில் பார்க்கவும். அதன் ஊசிமுனையிலிருந்து வருவது சில மில்லி வோல்ட்தான். சிறு கசிவும் பேரிரைச்சலாகிவிடும்.

மற்றச் சத்தங்கள் எளியவை. குமிழைத் திருகும்போது மட்டும் 'கரகர' என்றால் அதன் கரிப்பாதையில் தூசி. அருகில் செல்போன் வைத்ததும் 'டிடிட் டிடிட்' என்றால் அது இரண்டாம் தலைமுறை அலைபேசி நொடிக்குச் சுமார் 217 துடிப்புகளாக அலை பரப்புவதன் விளைவு. போனை நகர்த்தினால் போதும்.

எல்லாம் சரிசெய்த பிறகும் ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தால் 'உஸ்' என்ற மெல்லிய சீறல் மிஞ்சும். அதற்கு ஒரு காரணம், மின்தடைகளுக்குள் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் தாறுமாறாக அலைவது. 1928-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான்சன் இதை அளந்து வெளியிட்டார். நைக்விஸ்ட் கணக்கிட்டு விளக்கினார். குளிர்வித்தால்தான் குறையும். வானொலித் தொலைநோக்கிகள் பலவற்றில் முதல்நிலைப் பெருக்கியை மைனஸ் 250 டிகிரி செல்சியசை ஒட்டிய குளிரில் வைத்திருப்பது இதற்காகவே.