காலையில் பிரித்த வைக்கோல், சாயங்காலம் வந்த ஜுரம்

வங்கியில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவனுக்கு ஒரு பழக்கம் லேசில் விடாது. எதையும் தேதி போட்டு எழுதி வைப்பது. ஓய்வு பெற்று உத்திரமேரூர் பக்கம் நாலு ஏக்கர் கழனியில் இயற்கை விவசாயம் தொடங்கியபோதும் ஒரு நீள நோட்டு வாங்கினேன். யார் வேலைக்கு வந்தார்கள், என்ன வேலை, எவ்வளவு கூலி, எல்லாம் அதில் இருக்கும். என் ஜுரத்தின் காரணத்தைக் கடைசியில் கண்டுபிடிக்க உதவியது அந்த நோட்டுதான்.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழை நம் பக்கம் கொட்டித் தீர்த்தது நினைவிருக்கும். சொர்ணவாரி அறுவடை முடிந்து செப்டம்பரில் கட்டிய வைக்கோல் உருளைகளைக் களத்து ஓரம் அடுக்கித் தார்ப்பாய் போட்டு வைத்திருந்தேன். கட்டுகிற மெஷின் அன்றைக்குத்தான் கிடைத்தது என்பதால், முந்தின ராத்திரித் தூறலின் ஈரம் காயும் முன்பே கட்டிவிட்டோம். அது முதல் தப்பு. புயல் காற்றில் தார்ப்பாய் கிழிந்து மழை உள்ளே இறங்கியது. மழை விட்டதும் உருளைகளைக் காயவிடாமல், புதுத் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினேன். ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியது இரண்டாவது தப்பு.

பொங்கலுக்கு முந்தின வாரம் மூடாக்குக்கும் மாட்டுக்கும் வேண்டும் என்று பிரித்தோம். உள்ளே சாம்பல் மாதிரி வெள்ளையும் கருப்புமாகப் பூஞ்சணம். உதறினால் புகை போலத் தூசி. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு காலை முழுக்க வேலை செய்தோம். அன்று சாயங்காலம் ஆறு மணி வாக்கில் எனக்குக் குளிர் எடுத்தது. ஜுரம், உடம்பு வலி, வறட்டு இருமல், நெஞ்சில் ஒரு இறுக்கம். டெங்குவாக இருக்குமோ என்று ரத்தம் பார்த்தார்கள். இல்லை. இரண்டு நாளில் தானாகவே சரியானது. வைரஸ் ஜுரம் என்று விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தது. பிப்ரவரியில் மூன்றாம் முறை. அப்போதுதான் எங்கள் கழனியில் வேலை செய்கிற அம்மா சொன்னார்: “சார், வைக்கோலு பிரிக்கிற அன்னைக்குத்தான் உங்களுக்கு ஜுரம் வருது. எனக்கும் அன்னைக்கெல்லாம் ராத்திரி தூக்கமே இல்ல.”

நோட்டைப் புரட்டினேன். மூன்று ஜுரமும் வைக்கோல் பிரித்த தேதியோடு ஒட்டி நின்றன. ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

நெஞ்சு மருத்துவரிடம் நோட்டையே கொண்டு போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “வேலை முடிஞ்சு எத்தனை மணி நேரம் கழிச்சு ஜுரம் வந்தது?” என்பதுதான்.

அந்தக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. பூஞ்சணத் தூசி உடம்பில் காட்டும் அடையாளங்களைக் கடிகாரத்தை வைத்து மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, சில நிமிஷங்களில் வருவது. அடுக்குத் தும்மல், கண் அரிப்பு, மூக்கில் நீர், சிலருக்கு இளைப்பு. இது ஒவ்வாமை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இதுவே பெரிய ஆபத்து.

இரண்டாவது, நான்கிலிருந்து எட்டு மணி நேரம் கழித்து வருவது. குளிர் ஜுரம், உடம்பு வலி, வறட்டு இருமல், மூச்சு வாங்குதல். மூக்கில் நீர் ஒழுகுவது பெரும்பாலும் இருக்காது. ஒன்றிரண்டு நாளில் தானே அடங்கும். மறுபடி தூசியில் நின்றால் மறுபடி வரும். தூசி மிக அதிகமாக இருந்தால், சேர்ந்து வேலை செய்த பல பேருக்கு ஒரே ராத்திரியில் வருவதும் உண்டு.

மூன்றாவதுதான் மோசமானது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூசியை உள்ளே இழுப்பவர்களுக்கு ஜுரமே இல்லாமல் மாதக்கணக்கில் மெதுவாக வரும். விடாத வறட்டு இருமல், சோர்வு, பசியின்மை, எடை குறைதல், முன்பு சாதாரணமாக ஏறிய மேட்டில் மூச்சு வாங்குதல். பல நாள் கவனிக்காமல் விட்டால் நுரையீரலில் தழும்பு விழும். அந்தத் தழும்பு திரும்ப ஆறாது.

இந்த நோய்க்கு ‘விவசாயி நுரையீரல்’ என்றே பெயர். 1932ல் இங்கிலாந்தில் கேம்ப்பெல் என்ற மருத்துவர், பூஞ்சணம் பிடித்த புல்லைக் கையாண்ட பண்ணையாட்களிடம் இதைக் கண்டு எழுதினார். ஈர வைக்கோல் உள்ளுக்குள் சூடேறும்போது பெருகும் நுண்ணுயிர்களும் பூஞ்சை வித்துகளும் காரணம். குளிர் நாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் 27 மருத்துவ மையங்களில் நுரையீரல் திசு நோயாளிகள் 1,084 பேரை ஆராய்ந்து 2017ல் முடிவு வெளியிட்டார்கள். அதில் ஏறத்தாழ 47 சதவீதம் பேருக்கு இந்த வகை நோய்தான். அவர்களிலும் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஏர் கூலர் காற்றில் இருந்தவர்கள். ஈரம் காயாத கூலர் தட்டியும் ஈரம் காயாத வைக்கோலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

இயற்கை விவசாயிகளான நாம் இதில் கூடுதலாக ஏமாறுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. பூஞ்சை என்றால் நமக்கு டிரைக்கோடெர்மா விரிடி, நண்பன். மட்கு, மூடாக்கு, வைக்கோல், சாணம் எல்லாம் நல்லவை. பூச்சிக்கொல்லி அடிக்கிறவன் முகத்தை மூட வேண்டும், நமக்கு எதற்கு என்று இருந்துவிடுகிறோம். விஷம் கடையில் மட்டும் விற்பதில்லை. நம் களத்திலேயே விளையும்.

மூச்சில் போவது ஒரு வழி. சாப்பாட்டில் போவது இன்னொரு வழி. 1974ல் ராஜஸ்தானின் பன்ஸ்வாராவிலும் குஜராத்தின் பஞ்சமகாலிலும் அறுவடை நேரத்து மழையில் மக்காச்சோளம் நனைந்து பூஞ்சணம் பிடித்தது. வேறு வழியில்லாத ஏழை ஆதிவாசிக் குடும்பங்கள் அதையே சாப்பிட்டன. லேசான ஜுரம், வாந்தி, சாப்பாடு இறங்காமை என்று தொடங்கி, மஞ்சள் காமாலையும் வயிறு வீக்கமும் வந்தன. ஏறத்தாழ 400 பேர் பாதிக்கப்பட்டு 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் ஆராய்ந்து, அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சுதான் காரணம் என்றார்கள். அந்த ஊர்களில் மனிதர்களுக்கு முன்னால் நாய்களுக்கு அதே நோய் வந்திருந்தது.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. அந்த வைக்கோலை எங்கள் பசு முகர்ந்துவிட்டு ஒதுங்கியது. “வாய்க்கு ருசி கேக்குது” என்று நாங்கள் சிரித்தோம். அது எங்களுக்குச் சொன்ன முதல் எச்சரிக்கை.

மல்லாட்டை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சுருங்கின, நிறம் மாறின, பூச்சி துளைத்த, பச்சை மஞ்சளாகப் பூஞ்சணம் தெரிகிற பருப்பில்தான் இந்த நஞ்சு அதிகம். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுசாகப் போகாது. ‘கழிசலைச் செக்குக்குப் போட்டுடலாம்’ என்பதுதான் நம் வழக்கம். செக்கு எண்ணெயில் நஞ்சின் ஒரு பகுதி தங்கும், பிண்ணாக்கில் அதைவிட அதிகம் தங்கும். பிண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலிலும் வரும். கழிசலைப் புதையுங்கள். யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இப்போது நான் செய்பவை:

வைக்கோல் நன்றாகக் காய்ந்த பிறகே கட்டு. கட்டிய ஒரு வாரம் உருளைக்குள் கையை விட்டுப் பார்ப்பேன். சூடு தெரிந்தால் பிரித்து உலர்த்துவேன். அடியில் பனை மட்டையும் கட்டையும் போட்டு, தரை ஈரம் ஏறாமல் அடுக்குவேன். தார்ப்பாய் மேலே மட்டும். பக்கங்களில் காற்று போக வேண்டும்.

நெல் 14 சதவீத ஈரத்துக்குள், மல்லாட்டை 8 சதவீதத்துக்குள் காய்ந்த பிறகே மூட்டை. ஈரம் பார்க்கும் கருவி இல்லாதவர்கள் காயைக் காதருகே குலுக்கிப் பாருங்கள், பருப்பு கலகலக்க வேண்டும்.

பூஞ்சணம் தெரிந்த வைக்கோலைக் கொட்டகைக்குள் பிரிப்பதில்லை. வெட்டவெளியில், காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று, லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிரிக்கிறோம். அது மாட்டுக்குப் போகாது, மட்குக் குழிக்குத்தான். சூடான மட்கைப் புரட்டும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். துண்டு போதாது, நுண்ணிய வித்துகள் துணியில் நிற்காது. கொரோனா காலத்தில் பழகிய என்95 முகக்கவசம் போடுங்கள், வேலையாட்களுக்கும் கொடுங்கள்.

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு அதற்கு முன்பே நான்கு மாதமாக இருமல். மழைக்கு முன்பிருந்தே தினமும் மாட்டுக்கு அந்த வைக்கோலை உருவிப் போட்டவர் அவர்தான். காசநோயாக இருக்கும் என்று இரண்டு முறை சளி பார்த்தார்கள், இல்லை என்று வந்தது. இருமல் மருந்து குடித்துக்கொண்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தார். என்ன வேலை செய்கிறார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என்னோடு அவரையும் அழைத்துப் போனபோது, சாதாரண எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாதது சிடி ஸ்கேனில் தெரிந்தது. மருந்து சாப்பிட்டார், தூசி வேலையை நிறுத்தினார். இப்போது இருமல் இல்லை. ஆனால் ஏரிக்கரை மேட்டில் ஏறினால் இன்னும் நடுவில் ஒரு தடவை நிற்கிறார்.

அவர் வந்த நாள், கூலி, வாங்கிய முன்பணம் எல்லாம் என் நோட்டில் சரியாக இருக்கிறது. நான்கு மாத இருமலுக்கு ஒரு வரிகூட இல்லை. இப்போது கடைசிப் பத்தியாக ஒரு கோடு போட்டிருக்கிறேன்: ‘உடம்பு’. யாருக்கு என்ன, எந்த வேலைக்குப் பிறகு, எத்தனை மணிக்கு என்று எழுதுகிறேன்.

நீங்களும் எழுதி வையுங்கள். அடுத்த முறை ஜுரம் என்று டாக்டரிடம் போனால், அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: “காலையில பூஞ்சணம் புடிச்ச வைக்கோல் பிரிச்சேங்க.”