கடல் கடந்து கணினியை இயக்குதல்

இன்று ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் போர்ட் பிளேயருக்குத் தெற்கே சுமார் 270 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கார் நிக்கோபார். கடல் கொந்தளிக்கும் பருவக்காற்றுக் காலத்தில் அங்குச் செல்லும் பயணம் தடைப்படுவதுண்டு. பழங்குடியினர் காப்பு நிலமாதலால் வெளியார் அனுமதிச் சீட்டும் பெறவேண்டும். நாட்டின் பொது மின்தொகுப்பு இத்தீவுகளை எட்டவில்லை. ஆதலின் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தீவே உற்பத்தி செய்துகொள்கிறது.

இத்தகைய தீவில் மின் உற்பத்தியையோ குடிநீர் ஏற்றத்தையோ கண்காணிக்கும் சர்வர் ஒன்று நள்ளிரவில் உறைந்து நின்றுவிடுவதாகக் கொள்வோம். வல்லுநர் சென்னையில் இருக்கிறார். அடுத்த கப்பலோ இன்னும் சில நாட்களுக்குப் பின்னர்தான். செய்வது யாது?

தொலைவிலிருந்து கணினியைக் கையாளும் சாதாரண மென்பொருள் இங்கே உதவாது. கணினி உயிருடன் இருந்தால்தான் அதுவும் உயிருடன் இருக்கும். நமக்கு வேண்டுவது, கணினி செயலற்ற நிலையிலும் அதன் திரையைக் காணவும், அதனை அணைத்து மீண்டும் எழுப்பவும் வல்ல வழி. அதற்கு முழுமையாகவோ ஓரளவோ உதவும் மூன்று முறைகள் உள்ளன.

முதலாவது, சர்வரின் தாய்ப்பலகையிலேயே பதிக்கப்பட்ட சிறு கணினி. பெரிய கணினி அணைந்திருப்பினும், மின்னிணைப்பு உள்ளவரை இது விழித்திருக்கும். தனிப் பெட்டி வாங்கவேண்டியதில்லை. ஆயினும் பழைய கணினிகள் பலவற்றில் இவ்வசதி இராது. இதன் பாதுகாப்பிலும் ஐயமுண்டு. இத்துறையில் பரவலாக வழங்கும் ஐ.பி.எம்.ஐ. விதிமுறையின் இரண்டாம் பதிப்பில், பயனர் பெயர் அறிந்த எவரும் உள்நுழையுமுன்னரே கடவுச்சொல்லின் மறைகுறியைக் கேட்டுப் பெறலாம் என்பது 2013-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது.

இரண்டாவது, விசைப்பலகை, திரை, சுட்டி ஆகிய மூன்றையும் வலைப்பின்னல் வழியே தொலைவுக்குக் கொண்டுசெல்லும் தனிப் பெட்டி. சர்வருக்குள் எந்த மென்பொருளையும் புதிதாக நிறுவவேண்டுவதில்லை. மாற்றம் செய்யலாகாது என்று உற்பத்தியாளர் விதித்துள்ள பழைய கட்டுப்பாட்டுக் கணினிகளுக்கு இது பெரும் நன்மை. எனினும் திரைப்படம் முழுவதும் பயணிக்க வேண்டியிருப்பதால், இதற்கு அகன்ற தொடர்புப் பாதை தேவை.

மூன்றாவது, சீரியல் இணைப்பு. இதில் எழுத்துகள் மட்டுமே செல்லும். ஆதலின் மிகக் குறுகிய பாதையும் போதும். வலைப்பின்னல் கருவிகளுக்கும் லினக்ஸ் கணினிகளுக்கும் ஏற்றது. படத்திரையை நம்பும் கணினிகளுக்கு உதவாது.

தீவைப் பொறுத்தமட்டில் பாதையே முதற் கேள்வி. சென்னையையும் போர்ட் பிளேயரையும் இணைத்து, கார் நிக்கோபார் உள்ளிட்ட தீவுகளுக்கும் செல்லும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பி 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அதற்குமுன் செயற்கைக்கோளே துணை. கம்பி அறுபட்டால் மீண்டும் அதுவே துணை. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள புவிநிலைச் செயற்கைக்கோள் வழியே கட்டளை சென்று மறுமொழி திரும்ப அரை வினாடி ஆகும். அழுத்தியது பலிக்கவில்லை என்றெண்ணி மறுமுறை அழுத்துபவர் ஒரு கட்டளையை இரண்டாக்கிவிடக்கூடும். எனவே அவசர வழி எழுத்து வடிவிலும் இருத்தல் நலம். சர்வரின் அன்றாட வலைப்பின்னலைச் சாராததாகவும் அது இருக்கவேண்டும்.

நமக்குத் திறக்கும் கதவு பகைவனுக்கும் திறக்கக்கூடும். 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைன் நாட்டு மின் நிறுவனங்களைத் தாக்கியோர், சுமார் 2,25,000 நுகர்வோருக்கு மின்சாரத்தை நிறுத்தினர். மின்காப்புச் சாதனத்தின் தொலை இயக்க வசதியையே அவர்கள் தம் கருவியாக்கினர். சீரியல் இணைப்பை வலைப்பின்னலோடு சேர்க்கும் பெட்டிகளின் உள்நிரலையும் பாழாக்கினர். ஊழியர்கள் துணைமின் நிலையங்களுக்கு நேரில் சென்று, கையால் விசையைத் திருப்பியே ஒளியை மீட்டனர். நம் நாட்டில் மத்திய மின்சார ஆணையம் மின்துறைக்கான இணையப் பாதுகாப்பு நெறிமுறைகளை 2021-ஆம் ஆண்டில் வெளியிட்டது.

ஆகவே பெட்டியின் விலையை மட்டும் பார்த்து வாங்குவது தகாது. இவ்வழி பொது இணையத்திற்குத் திறந்திராமல், தனி வலைப்பின்னலில் அமையவேண்டும். நுழைவோர் யாரென்பதை இரு சான்றுகளால் உறுதிசெய்யவேண்டும். ஒவ்வொரு நுழைவும் பதிவாகவேண்டும். வேலையில்லாத வேளையில் கதவு மூடியே கிடக்கவேண்டும். அதைத் திறக்கும் சாவி நிலையத்தில் பணியிலிருப்பவரிடம் இருப்பது சிறப்பு. ஏனெனில் சென்னையில் இருப்பவர் திரையை மட்டுமே காண்கிறார். எந்திரத்தின் அருகே பழுதுபார்க்க எவரேனும் குனிந்திருப்பதை அவர் அறியார்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கார் நிக்கோபாரைக் கொடுமையாகத் தாக்கியது. அத்தகைய நாளில் கம்பியும் விண்வழியும் ஒருங்கே அற்றுப்போகலாம். அன்று எஞ்சியிருப்பவர் உள்ளூர் ஊழியரே. அவருக்குப் பயிற்சியும், அவர் மொழியில் அச்சிட்ட கையேடும், கையால் இயக்கும் விசையும் இருத்தல் வேண்டும். வெளி மாநிலங்களில் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் பாலைவனச் சூரிய மின் நிலையங்களிலும் பணிபுரியும் நம்மவர்க்கும் இது பொருந்தும். தொலைவிலிருந்து தொடும் கருவியைத் தேர்ந்தெடுக்குமுன், அது இல்லாத நாளில் அருகிலிருப்பவர் என்ன செய்வார் என்பதை முதலில் முடிவு செய்வோமாக.