பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது?

கல்வி என்றதும் கட்டடமும் கரும்பலகையும் மணியோசையுமே நம் நினைவுக்கு வருகின்றன. இது இயல்பே. மலாயாத் தோட்டங்களில், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிருவாகம் பள்ளி அமைக்கவேண்டுமென 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆசிரியர் இருக்கும் இடத்துக்கு மாணவன் நடந்து சென்றான். பாடம் அங்கேதான் கிடைத்தது.

இணையம் இவ்வேற்பாட்டை மாற்றிவிட்டது. 2004ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இருந்த சல்மான் கான், தொலைவில் வாழ்ந்த தம் உறவுப் பெண்ணுக்குத் தொலைபேசி, கணினி வழியாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். 2006 முதல் தம் பாடங்களை யூடியூபில் ஏற்றினார். கான் அகாடமி பிறந்தது இவ்வாறே.

2007ஆம் ஆண்டில், கொலராடோ மாநிலத்து வுட்லண்ட் பார்க் உயர்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆசிரியர் இருவர், வகுப்புக்கு வர இயலாத மாணவருக்கென்று பாடங்களைப் பதிவு செய்தனர். பின்னர் அம்முறையையே எல்லாருக்கும் விரித்தனர். மாணவர் விளக்கத்தை வீட்டில் கேட்டனர். பயிற்சியை வகுப்பில் செய்தனர். வகுப்புப் பாடமும் வீட்டுப் பாடமும் இடம் மாறிக்கொண்டன! விளக்கத்தை எங்கிருந்தும் கேட்கலாம். பிழை நேரும்போதுதான் ஆசிரியர் அருகில் வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

ஆயினும் 2020ஆம் ஆண்டு வேறொரு பாடத்தைப் புகட்டியது. கொரோனாத் தொற்றால் 190க்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 160 கோடி மாணவரின் கல்வி தடைப்பட்டது. மலேசியாவில் மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்தது. கல்வியமைச்சு மேற்கொண்ட ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவரிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லையெனத் தெரிந்தது. 2021 பிப்ரவரி 17இல் 'டிடிக் டிவி' என்னும் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. ஆனால், தொலைக்காட்சி பாடம் சொல்லும். மாணவனின் ஐயத்தைக் கேட்காது.

வகுப்பறையில் ஏழைப் பிள்ளைக்கும் செல்வர் பிள்ளைக்கும் ஒரே பலகை, ஒரே ஆசிரியர். கல்வி வீட்டுக்குள் புகுந்தபோதோ, வீட்டின் வறுமை பாடத்தின் வறுமையாயிற்று. தனியறையில் கணினியுடன் படிப்பவனும், தந்தை வேலை முடிந்து கைப்பேசியுடன் திரும்பும்வரை காத்திருப்பவனும் ஒரே வகுப்பினர் என்பது பெயரளவில்தான்.

ஆதலின், கருவி வந்ததால் பள்ளியின் தேவை குறையவில்லை, பணியே மாறியுள்ளது. கருவியும் இணையமும் இல்லாத பிள்ளைக்காக, மணி அடித்த பின்னும் பள்ளியின் கதவு திறந்திருக்க வேண்டும். ஆசிரியரின் நேரமும், சொன்னதையே சொல்வதில் கழியாது, பிழை திருத்துவதற்குப் பயன்பட வேண்டும். கற்கும் இடம் எதுவாயினும், தடுமாறும் பிள்ளையின் பக்கத்தில் ஒருவர் இருந்தால் அதுவே பள்ளிக்கூடம்.