ஒரு மரம், இரண்டு கடிகாரம்



இந்த மாசம் நான் எழுதப்போவது பீச் பழத்தைப் பற்றி. நம்ம சந்தையில் இதைப் பார்க்கிறது அபூர்வம். வெளியே மெல்லிய ரோமம் போர்த்த தோல், உள்ளே சாறு நிறைந்த சதை, நடுவில் சுருக்கம் விழுந்த ஒரே ஒரு கெட்டிக் கொட்டை. பாதாம், பிளம், செர்ரி எல்லாம் இதுக்குச் சொந்தக்காரங்க. அறிவியல் பெயர் புரூனஸ் பெர்சிகா. 'பெர்சிகா' என்றால் பாரசீகத்தைச் சேர்ந்தது என்று அர்த்தம். ஆனால் இதன் பிறந்த ஊர் பாரசீகம் இல்லை, சீனா! ஐரோப்பாவுக்கு பாரசீகம் வழியாகப் போனதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பழத்தின் ருசியைப் பற்றி எழுத நான் வரவில்லை. எந்த நாள் பூக்கணும், எந்த நாள் பழுக்கணும் என்று அந்த மரத்துக்கு எப்படித் தெரியுது? அதுதான் என் கேள்வி.

ஒரே ராத்திரியில் போய்விடும்

இதைத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது என்று சிலர் நினைக்கலாம். அமெரிக்காவில் ஜார்ஜியா என்று ஒரு மாநிலம். 'பீச் மாநிலம்' என்றே அதற்குப் பட்டப்பெயர். 2017-இல் அங்கே பீச் விளைச்சலில் சுமார் 80 சதவீதம் போயிற்று. 2023-இல் 90 சதவீதத்துக்கும் மேல் போயிற்று. பூச்சி தின்றதா? இல்லை. வறட்சியா? அதுவும் இல்லை. குளிர்காலத்தில் போதுமான குளிர் இல்லை. வெயில் சீக்கிரமே வந்தது. முந்திக்கொண்ட மரங்கள் பூத்துவிட்டன. அதற்குப் பிறகு மார்ச் மாதத்தில் உறைபனி வந்து இறங்கியது. அவ்வளவுதான், பூவோடு அந்த வருஷத்துச் சம்பாத்தியமும் கருகிப்போச்சு.

முழுசாகப் பூத்திருக்கும் பீச் மரத்தில் அரை மணி நேரம் மைனஸ் 2.8 டிகிரி செல்சியஸ் குளிர் அடித்தால், நூறு பூவில் பத்து சாகும். மைனஸ் 4.4 டிகிரி என்றால் நூறில் தொண்ணூறு சாகும். பாருங்க, வித்தியாசம் இரண்டு டிகிரி கூட இல்லை! அதே மரம் இன்னும் மொட்டை மூடி வைத்துத் தூங்கிக்கொண்டு இருந்தால், இதைவிடப் பெரிய குளிரையும் தாங்கிவிடும். அதனால் எப்போ பூக்கிறது என்பது அந்த விவசாயிக்கு வாழ்வா சாவா என்கிற கேள்வி.

முதல் கடிகாரம்: எப்போ பூப்பது?

குளிர் நாடுகளில் இலையுதிர் காலம் வந்ததும் பீச் மரம் இலையெல்லாம் கொட்டிவிட்டுத் தூங்கப் போகும். அடுத்த வருஷத்துப் பூ மொட்டு கிளையில் முன்கூட்டியே தயாராக இருக்கும். நடுக்குளிர்காலத்தில் நாலு நாள் நல்ல வெயில் அடித்தால், 'வசந்தம் வந்துருச்சு' என்று ஏமாந்து பூத்துவிடக் கூடாது இல்லையா? அதற்காக மரம் குளிரை எண்ணுகிறது. ஏறக்குறைய 7.2 டிகிரிக்குக் கீழே எத்தனை மணி நேரம் போனது என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கு நிறைந்த பிறகுதான் வெயில் பட்டால் விழிக்கும். விழித்த பிறகும் ஓரளவு வெப்பம் சேர்ந்தால்தான் மொட்டு விரியும்.

இந்தக் கணக்கு ரகத்துக்கு ரகம் வேறு. கன்டென்டர் என்ற ரகத்துக்குச் சுமார் 1050 மணி நேரக் குளிர் வேணும். வகுத்துப் பார்த்தேன், விடாமல் எண்ணினால் கிட்டத்தட்ட 44 நாள்! ஃப்ளோர்டாபிரின்ஸ் என்ற ரகத்துக்குச் சுமார் 150 மணி நேரம் போதும், அதாவது ஆறே நாள். கணக்கு நிறையாவிட்டால் பூ தாமதமாக, அங்கொன்று இங்கொன்றாக வரும். காய் பிடிக்காது.

இதை எங்க அப்பத்தாகிட்ட சொன்னப்போ, "எனக்கே கணக்கு வராது, மரத்துக்கு எப்படிடி வரும்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மரத்துக்கு மூளை கிடையாது. ஆனால் ஜீன் இருக்கிறது. பீச்சுக்கு 8 ஜோடி குரோமோசோம்கள் (நமக்கு 23 ஜோடி). அதில் முதலாம் குரோமோசோமில் 'டாம்' என்ற பெயரில் ஆறு ஜீன்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. இவை மொட்டுக்குப் பூட்டுப் போடுகிற ஜீன்கள். இலையுதிர் காலத்தில் இவற்றில் சிலவற்றின் வேலை மும்முரமாகும், மொட்டு அடங்கிவிடும். குளிர் சேரச் சேர அந்த வேலை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஓட்டைப் பானையில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பானை காலியானால் பூட்டு திறந்துவிட்டது என்று அர்த்தம். பானை பெரிசா சின்னதா என்பதுதான் ரகத்துக்கு ரகம் உள்ள வித்தியாசம்.

இது எப்படித் தெரிந்தது? மெக்சிகோவில் கிடைத்த ஒரு வகை பீச் மரம் குளிர்காலத்திலும் தூங்கவே தூங்காது, நுனி வளர்ந்துகொண்டே இருக்கும். அதை ஆராய்ந்தபோது அந்த இடத்தில் டி.என்.ஏ.வில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. டாம் ஜீன்கள் ஆறும் அதில் வேலை செய்யவில்லை. 2008-இல் இதை வெளியிட்டார்கள். பிறகு 2010-இல், கன்டென்டரையும் குறைந்த குளிர் போதும் என்கிற ஒரு ஃப்ளோரிடா மரத்தையும் சேர்த்து, அவற்றின் பேரப்பிள்ளை மரங்கள் எப்போ பூக்கின்றன என்று பார்த்தார்கள். வேறு குரோமோசோம்களுக்கும் சின்னச் சின்னப் பங்கு இருந்தது. ஆனால் பெரிய பங்கு முதலாம் குரோமோசோமில், அதே இடத்தில்!

இரண்டாம் கடிகாரம்: எப்போ பழுப்பது?

சில ரகம் பூத்த இரண்டரை மாசத்தில் பழுத்துவிடும். சில ரகம் ஐந்து மாசம் எடுக்கும். பீச் காய் மூன்று கட்டமாக வளரும். முதலில் வேகமாகப் பெருக்கும். பிறகு வளர்ச்சி மந்தமாகி உள்ளே கொட்டை கெட்டியாகும். கடைசியில் மறுபடியும் வேகமாகப் பெருத்துப் பழுக்கும். சீக்கிரம் பழுக்கிற ரகங்களில் அந்த நடுக்கட்டம் குறுகியது.

இந்தக் கடிகாரத்தின் முக்கியமான சாவி நாலாம் குரோமோசோமில் இருக்கிறது. 'நாக்' என்ற குடும்பத்தைச் சேர்ந்த ஒரு ஜீன் அது. பீச்சின் டி.என்.ஏ. முழுக்கச் சுமார் 22 கோடி எழுத்துகள். அவ்வளவு பெரிய புத்தகத்தில், இந்த ஜீனுக்குள் வெறும் 9 எழுத்து கூடுதலாக இருக்கிற மரங்கள் சீக்கிரம் பழுக்கின்றன என்று 2013-இல் இத்தாலி ஆய்வாளர்கள் எழுதினார்கள். அம்மா மரத்திடமிருந்து ஒன்று, அப்பா மரத்திடமிருந்து ஒன்று என்று ஜீன் இரண்டு பிரதி வரும் அல்லவா? இரண்டும் 'சீக்கிரம்' என்றால் முதலில் பழுக்கும். இரண்டும் 'மெதுவாக' என்றால் கடைசியில். ஒன்றும் ஒன்றும் என்றால் நடுவில். பத்தாம் வகுப்பு அக்காமார் மெண்டலைப் படிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம். இந்த ஜீனே இரண்டு பிரதியிலும் அழிந்துபோன மரங்களும் உண்டு. அவற்றின் காய் பழுக்காமல் கெட்டியாகவே இருந்துவிடும்.

இரண்டு சாவியையும் சேர்க்கலாமா?

சேர்க்கலாம்! ஒரு சாவி முதலாம் குரோமோசோமில், இன்னொன்று நாலாம் குரோமோசோமில். அதனால் இரண்டும் தனித்தனியாகத்தான் பிள்ளைகளுக்குப் போகும். சீக்கிரம் பூக்கிற மரம் சீக்கிரம் பழுத்தே ஆகணும் என்று கட்டாயம் இல்லை. விவசாயிக்கு வேண்டியது என்ன? உறைபனி போன பிறகு பூக்கணும், ஆனால் எல்லோருக்கும் முன்னாடி பழம் சந்தைக்கு வரணும். முதலில் வருகிற பழத்துக்குத்தானே நல்ல விலை!

ஒரு சின்னக் கணக்கு. ஒரு மரம் பிந்திப் பூத்துப் பிந்திப் பழுப்பது. இன்னொன்று முந்திப் பூத்து முந்திப் பழுப்பது. ஒவ்வொரு குணத்துக்கும் ஒரே ஜீன்தான் என்று வைத்துக்கொண்டால், பேரப்பிள்ளை மரங்களில் பிந்திப் பூப்பது நாலில் ஒன்று, முந்திப் பழுப்பது நாலில் ஒன்று. இரண்டும் சேர்ந்து அமைவது பதினாறில் ஒன்று. நிஜத்தில் ஜீன்கள் இன்னும் பல. ருசி, அளவு, நிறம் எல்லாமும் பார்க்கணும். அதனால் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கன்று வளர்க்கிறார்கள்.

வேலையும் லேசு இல்லை. பீச் பூவில் தன் மகரந்தமே தனக்குப் போதும். அதனால் மொட்டு விரியுமுன் மகரந்தப்பைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, வேற்று மரத்து மகரந்தத்தைக் கையால் தடவணும். இரண்டு மரமும் வேறு வேறு நாளில் பூத்தால், முந்தியதன் மகரந்தத்தைக் காயவைத்துப் பத்திரப்படுத்தணும். ரொம்ப சீக்கிரம் பழுக்கிற ரகத்தில் இன்னொரு வேடிக்கை. பழம் பழுத்துவிடும், உள்ளே விதையின் கரு முற்றியிருக்காது! அந்தக் கருவை எடுத்துச் சோதனைக் குழாயில் சத்துக் கொடுத்து வளர்க்கிறார்கள். முதல் பழம் பார்க்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். இப்போது கன்றின் ஓர் இலையைச் சோதித்தே அந்த 9 எழுத்து இருக்கா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

இப்படி வந்தவைதான் ஃப்ளோரிடா ரகங்கள். அங்கே குளிர்காலம் மிதமானது. 1950-களில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தார், குறைந்த குளிரே போதும் என்கிற தென்சீன வம்சத்து மரங்களை நல்ல பழ ரகங்களோடு சேர்க்க ஆரம்பித்தார்கள். மேலே சொன்ன ஃப்ளோர்டாபிரின்ஸ் 1982-இல் வெளிவந்தது. நம் நாட்டில் பஞ்சாப் சமவெளியிலும் அது விளைகிறது, ஏப்ரல் கடைசியிலேயே பழுக்கிறது. நம் நீலகிரி, கொடைக்கானல் மலைகளிலும் குறைந்த குளிர் போதும் என்கிற பீச்தான் வளர்கிறது.

அப்படியானால் எல்லா ஊரிலும் குறைந்த குளிர் ரகத்தை நட்டுவிடலாமே என்று தோணும். அங்கேதான் சிக்கல். ஜார்ஜியா மாதிரி ஊரில் அந்த மரம் ஜனவரியிலேயே கணக்கை முடித்துவிட்டு, நாலு நாள் வெயிலைப் பார்த்ததும் பூத்து, உறைபனியில் மாட்டும். அதிகக் குளிர் கேட்கிற மரத்தை நட்டாலோ, இப்போது குளிர்காலம் சூடாகிக்கொண்டு வருவதால் கணக்கே நிறையாது. அதனால் குறைந்த குளிரில் விழித்து, ஆனால் அதிக வெப்பம் சேர்ந்த பிறகே பூக்கிற மரம் வேணும். சீக்கிரம் கண் விழித்தாலும் உடனே கதவைத் திறக்காத மரம்! அதைத் தேடுவதுதான் இன்றைய கஷ்டமான வேலை.

முடிக்குமுன் உங்களுக்கு ஒரு கேள்வி: கன்டென்டர் கன்றைக் கொடைக்கானலில் நட்டால் என்ன ஆகும்? விடை இந்தக் கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது. கண்டுபிடித்தவர்கள் காரணத்தோடு ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் ஒட்டுங்கள்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி