விந்தையான காப்புரிமைகள்

விந்தையான காப்புரிமைகள் என்பன பயனற்றவை, நகைப்புக்குரியவை அல்லது அனைவரும் முன்பே அறிந்தவை என்று பொதுமக்களால் கருதப்பட்டாலும், அரசுக் காப்புரிமை அலுவலகங்களால் முறைப்படி வழங்கப்பட்ட காப்புரிமைகள் ஆகும். ஊஞ்சலில் பக்கவாட்டில் ஆடும் முறை, பூனைக்கு உடற்பயிற்சி அளிக்கும் முறை, சக்கரம் ஆகியவை இவற்றுள் புகழ்பெற்றவை. இவை பெரும்பாலும் நகைச்சுவைக்காகவே எடுத்துக் கூறப்படுகின்றன. எனினும் மஞ்சள், வேம்பு ஆகியவற்றின் மீது வெளிநாடுகளில் வழங்கப்பட்ட காப்புரிமைகளும் இவற்றோடு சேர்த்து நோக்கத்தக்கவை. எல்லோருக்கும் தெரிந்த ஒன்று எழுத்தில் இல்லாவிட்டால் அதனைத் தெரிந்ததாகக் காட்டுவது கடினம் என்பதே இரு வகைக்கும் பொதுவான சிக்கல் ஆகும்.

காப்புரிமையின் அடிப்படை

காப்புரிமை என்பது, ஒரு கண்டுபிடிப்பைப் பிறர் அனுமதியின்றிச் செய்யவோ, பயன்படுத்தவோ, விற்கவோ கூடாது எனத் தடுப்பதற்குக் கண்டுபிடிப்பாளருக்கு அரசு வழங்கும் உரிமை ஆகும். இது குறிப்பிட்ட காலத்திற்கு மட்டுமே உரியது. இந்தியாவில் இக்காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். இவ்வுரிமைக்கு ஈடாகக் கண்டுபிடிப்பாளர் தம் கண்டுபிடிப்பின் முழு விவரத்தையும் பொதுமக்களுக்கு வெளிப்படுத்த வேண்டும்.

ஒரு கண்டுபிடிப்பு காப்புரிமை பெறுவதற்குப் பொதுவாக மூன்று தகுதிகள் தேவைப்படுகின்றன. அது புதியதாக இருக்க வேண்டும்; அத்துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியதாக இருக்கக் கூடாது; தொழில் முறையில் பயன்படக் கூடியதாக இருக்க வேண்டும். இத்தகுதிகளை ஆராயும் அலுவலர் தேர்வாளர் எனப்படுகிறார். கண்டுபிடிப்பு சந்தையில் விலைபோகுமா, அறிவுடையோர் அதனை வாங்குவார்களா என்பன அவர் ஆராய வேண்டிய வினாக்கள் அல்ல.

புகழ்பெற்ற எடுத்துக்காட்டுகள்

* மகப்பேற்றுச் சுழற்பொறி: 1965 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் ஒரு தம்பதியர் 3,216,423 என்ற எண்ணுடைய காப்புரிமையைப் பெற்றனர். கருவுற்ற பெண்ணை ஒரு மேசையில் படுக்கவைத்து வேகமாகச் சுழற்றி, மையவிலக்கு விசையால் குழந்தை பிறக்கச் செய்வது இதன் நோக்கம். குழந்தையைத் தாங்கிப் பிடிப்பதற்கு வலையும் உண்டு. இதற்கு 1999 ஆம் ஆண்டின் இக் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

* வழுக்கையை மறைக்கும் முறை: 1977 ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த தந்தையும் மகனும் 4,022,227 என்ற எண்ணுடைய காப்புரிமையைப் பெற்றனர். தலையில் எஞ்சியுள்ள முடியை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒன்றன் மேல் ஒன்றாக வழுக்கையின் மீது வாரிவிடுவதே இக்கண்டுபிடிப்பு ஆகும். இதற்கு 2004 இல் இக் நோபல் பரிசு கிடைத்தது.

* பூனைக்கு உடற்பயிற்சி: 1995 ஆகத்து மாதத்தில் வழங்கப்பட்ட 5,443,036 என்ற எண்ணுடைய அமெரிக்கக் காப்புரிமை, லேசர் ஒளிப்புள்ளியைத் தரையிலோ சுவரிலோ ஒழுங்கற்று நகர்த்திப் பூனையைத் துரத்தச் செய்யும் முறையைப் பற்றியது.

* ஓரம் நீக்கிய சாண்ட்விச்: நிலக்கடலை வெண்ணெயும் பழக்கூழும் வைத்து, ஓரங்களை அழுத்தி மூடிய ரொட்டிக்கு 1999 திசம்பரில் 6,004,596 என்ற எண்ணுடைய காப்புரிமை வழங்கப்பட்டது. இதனை விரிவாக்கும் பின்னைய விண்ணப்பங்கள் 2005 இல் அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோல்வியடைந்தன.

* ஊஞ்சலாடும் முறை: 2002 ஏப்ரல் 9 அன்று 6,368,227 என்ற எண்ணுடைய அமெரிக்கக் காப்புரிமை ஒரு சிறுவனுக்கு வழங்கப்பட்டது. மரக்கிளையில் தொங்கும் ஊஞ்சலில் அமர்ந்து, இரு சங்கிலிகளையும் மாறி மாறி இழுத்து, முன்பின்னாக அன்றிப் பக்கவாட்டில் ஆடுவது இதன் உரிமைகோரல். பின்னர் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகமே இதனை மறுஆய்வுக்கு உட்படுத்தி, 2003 இல் உரிமைகோரல்களை நீக்கியது.

விந்தை என்பது காலத்தைப் பொறுத்தும் மாறக்கூடியது. இந்தியாவில் 1856 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முதலில் விண்ணப்பித்தவர் கல்கத்தாவைச் சேர்ந்த பொறியாளர் சியார்ச்சு ஆல்பிரட் டெபென்னிங் ஆவார். கூரையில் தொங்கும் பெரிய துணி விசிறியை இழுக்கும் பொறி, அதாவது பங்கா இழுக்கும் பொறி, அவருடைய கண்டுபிடிப்பு. மின்விசிறிக்குப் பழகிய இன்றைய வாசகருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் நாள் முழுவதும் ஓர் ஆள் கயிற்றை இழுத்துக் கொண்டிருந்த அக்காலத்தில் இது ஓர் உண்மையான தேவைக்கான விடை ஆகும்.

தேர்வின்றி வழங்கப்பட்ட காப்புரிமைகள்

எல்லா நாடுகளும் எல்லாக் காலத்திலும் கண்டுபிடிப்புகளை ஆராய்ந்த பின்னரே காப்புரிமை வழங்கியதில்லை. பிரான்சின் 1844 ஆம் ஆண்டுச் சட்டம், புதுமையை முன்கூட்டி ஆராயாமலே காப்புரிமை வழங்கியது. இதனால் காப்புரிமை பெற்ற பொருள்களின் மீது "அரசின் உத்தரவாதம் இன்றி" எனப் பொருள்படும் நான்கு பிரெஞ்சு எழுத்துகள் பொறிக்கப்பட்டன. அப்பொருள் புதியது என்றோ, நன்கு இயங்கும் என்றோ அரசு உறுதி கூறவில்லை என்பது இதன் பொருள். 1968 ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை முடிவுக்குக் கொண்டுவந்தது.

ஆத்திரேலியா 2001 இல் இதனை ஒத்த எளிய வகைக் காப்புரிமை ஒன்றை அறிமுகப்படுத்தியது. அதன் குறையைக் காட்டுவதற்காக மெல்பேர்ண் வழக்கறிஞர் ஒருவர் "வட்டவடிவப் போக்குவரத்து உதவிச் சாதனம்" என்ற பெயரில் சக்கரத்திற்கு விண்ணப்பித்து, 2001100012 என்ற எண்ணுடைய காப்புரிமையைப் பெற்றார். அவருக்கும் ஆத்திரேலியக் காப்புரிமை அலுவலகத்திற்கும் 2001 ஆம் ஆண்டின் இக் நோபல் பரிசு கூட்டாக வழங்கப்பட்டது. இவ்வகைக் காப்புரிமைக்குப் புதிய விண்ணப்பங்கள் பெறுவதை ஆத்திரேலியா 2021 ஆகத்தில் நிறுத்திவிட்டது.

தேர்வுக்குப் பின்னரும் வழங்கப்படுவது ஏன்?

ஆராய்ந்து வழங்கும் நாடுகளிலும் விந்தையான காப்புரிமைகள் தோன்றுவதற்குப் பின்வரும் காரணங்கள் உள்ளன.

* ஒரு விண்ணப்பத்தை மறுக்க விரும்பும் தேர்வாளர், அது முன்பே அறியப்பட்டது என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். "இது எல்லோருக்கும் தெரியும்" என்று கூறுவது மட்டும் பெரும்பாலும் போதுமானதன்று.
* தேர்வாளர் முதன்மையாகத் தேடுவது பழைய காப்புரிமைகளிலும் ஆய்விதழ்களிலும் ஆகும். சிறுவர் ஊஞ்சலில் எவ்வாறு ஆடுகின்றனர் என்பதை யாரும் ஆய்விதழில் எழுதுவதில்லை.
* விண்ணப்பங்கள் சட்ட நடையில் எழுதப்படுவதால், மிக எளிய பொருளும் புதியது போலத் தோற்றமளிக்கக் கூடும்.
* ஒரு விண்ணப்பத்திற்கு ஒதுக்கப்படும் நேரம் வரையறைக்கு உட்பட்டது.

இக்காரணங்களால் ஊஞ்சல் காப்புரிமை வழங்கப்பட்டபோது யாருக்கும் பெரிய இழப்பு ஏற்படவில்லை. ஆனால் இதே இடைவெளி வழியாக மஞ்சளும் வேம்பும் சென்றன.

மஞ்சள் காப்புரிமை

1995 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்திற்கு 5,401,504 என்ற எண்ணுடைய காப்புரிமை வழங்கப்பட்டது. காயத்தை ஆற்றுவதற்கு மஞ்சளைப் பயன்படுத்துவது இதன் பொருள். கண்டுபிடிப்பாளர்களாகக் குறிப்பிடப்பட்ட இருவரும் இந்திய வம்சாவளியினர்.

புண்ணுக்கு மஞ்சள் வைப்பது இந்தியாவில் வீடுதோறும் அறிந்த கைவைத்தியம் ஆகும். எனினும் அக்கால அமெரிக்கச் சட்டத்தில், அமெரிக்காவிற்கு வெளியே நிலவிய வழக்கம் அச்சில் வெளிவந்திருந்தால் மட்டுமே புதுமையைத் தகர்க்கும் சான்றாகக் கொள்ளப்பட்டது. கோடிக்கணக்கானோர் ஒன்றைச் செய்துவந்தாலும் அது எழுத்தில் இல்லையெனில் கணக்கில் வராது. இந்த நில எல்லை வேறுபாடு 2011 இல் இயற்றப்பட்டு 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தால் நீக்கப்பட்டது.

1996 இல் இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வு மன்றம் இக்காப்புரிமையை மறுஆய்வு செய்யக் கோரியது. அப்போது அம்மன்றத்தின் தலைமை இயக்குநராக இருந்தவர் இரகுநாத் மசேல்கர் ஆவார். பழைய சமசுகிருத நூல்களின் பகுதிகளும், இந்திய மருத்துவக் கழகத்தின் இதழில் 1953 இல் வெளிவந்த கட்டுரையும் உட்பட 32 சான்றுகள் முன்வைக்கப்பட்டன. 1997 இல் அமெரிக்க அலுவலகம் உரிமைகோரல்களை மறுத்தது. வழக்கத்தை அன்று, அதனைப் பற்றி யாரோ எழுதிவைத்ததையே அடிப்படையாகக் கொண்டு இவ்வெற்றி கிட்டியது என்பது குறிப்பிடத்தக்கது.

வேம்புக் காப்புரிமை

1994 இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம், வேப்பெண்ணெய் கொண்டு பயிர்களில் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு 0436257 என்ற எண்ணுடைய காப்புரிமையை வழங்கியது. டபிள்யூ. ஆர். கிரேசு நிறுவனமும் அமெரிக்க வேளாண்மைத் துறையும் இதன் உரிமையாளர்கள். இந்தியச் சூழலியலாளர் வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் பசுமைக் கட்சி உறுப்பினர் மக்தா ஆல்வூட், இயற்கை வேளாண்மை இயக்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஆகியோர் இதனை எதிர்த்தனர்.

ஐரோப்பிய விதிகளின்படி, உலகில் எங்கேனும் வாய்மொழியாகவோ பயன்பாட்டின் மூலமோ பொதுமக்களுக்குக் கிடைத்த அறிவும் சான்றாக ஏற்கப்படும். எனவே இந்தியாவில் அம்முறை முன்பே பயன்பாட்டில் இருந்தது என்பதற்கு நேரடிச் சாட்சியம் அளிக்க இயன்றது. 2000 மே மாதத்தில் காப்புரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005 மார்ச் 8 அன்று தள்ளுபடியானது.

இந்தியச் சட்டத்தின் நிலை

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970 இல் இயற்றப்பட்டு 1972 ஏப்ரல் 20 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன் 3 ஆம் பிரிவு எவை கண்டுபிடிப்பு அல்ல என்பதைப் பட்டியலிடுகிறது. அற்பமானவையும், நிறுவப்பட்ட இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணானவையும் இதன் முதல் உட்பிரிவிலேயே விலக்கப்படுகின்றன. ஆற்றல் ஏதுமின்றி என்றும் இயங்கும் பொறி இதற்கு வழக்கமான எடுத்துக்காட்டு. 2002 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட மற்றோர் உட்பிரிவு, மரபு அறிவாக உள்ளவற்றையும், மரபாக அறியப்பட்ட பொருள்களின் தெரிந்த பண்புகளைச் சேர்த்துக் காட்டுவனவற்றையும் விலக்குகிறது.

இவ்விதிகள் இருந்தும் தவறுகள் நிகழ்ந்துள்ளன. நாவல் உள்ளிட்ட தாவரங்களைக் கொண்ட நீரிழிவு மருந்துக் கலவை ஒன்றிற்கு 2012 ஏப்ரலில் இந்தியாவிலேயே காப்புரிமை வழங்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் நடுவண் அரசு 66 ஆம் பிரிவின் கீழ் அதனை நீக்கியது.

மரபு அறிவு மின் நூலகம்

மஞ்சள் வழக்கின் படிப்பினையாக 2001 இல் மரபு அறிவு மின் நூலகம் தொடங்கப்பட்டது. ஆயுர்வேதம், யுனானி, சித்த மருத்துவம், யோகம் முதலிய துறைகளின் நூல்களில் உள்ள செய்திகள் இதில் ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், எசுப்பானியம், சப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் தொகுக்கப்படுகின்றன. சித்த மருத்துவத்திற்கான மூலங்கள் தமிழ் நூல்கள் ஆகும். 2009 பெப்ரவரியில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின் மூலம் அதன் தேர்வாளர்கள் இத்தொகுப்பில் தேடும் வசதியைப் பெற்றனர். தமிழ் அறியாத ஒரு தேர்வாளரும் தமிழ் மருத்துவ நூலில் உள்ளதைக் கண்டறிய இது வழிசெய்கிறது.

வாய்மொழி அறிவு: கோட்டுச்சேரி எடுத்துக்காட்டு

நூல்களில் உள்ள அறிவுக்கு மின் நூலகம் உண்டு. நூலில் ஏறாத அறிவின் நிலையை ஓர் ஊரைக் கொண்டு விளக்கலாம். கோட்டுச்சேரி, புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால் மாவட்டத்தில் அமைந்துள்ள கொம்யூன் ஆகும். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இப்பகுதி, இன்று இந்தியச் சட்டத்தின் கீழ் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தின் எல்லைக்குள் அடங்குகிறது. காவிரிப் படுகையின் பிற ஊர்களைப் போலவே இங்கும் நெல்லும் கடலும் சார்ந்த வாழ்க்கை நிலவுகிறது. தானியத்தில் வண்டு விழாமல் காய்ந்த வேப்பிலை போடுவது, வயலுக்கு வேப்பம் பிண்ணாக்கு இடுவது போன்ற படுகை வழக்கங்கள் பெரும்பாலும் பார்த்தும் கேட்டும் கற்கப்படுபவை.

இத்தகைய அறிவுக்கு இந்தியச் சட்டம் நேரடியான இடம் அளிக்கிறது. 25 ஆம் பிரிவின்படி, உள்ளூர்ச் சமூகம் அல்லது பழங்குடிச் சமூகத்தில் வாய்மொழியாகவோ வேறு வகையிலோ நிலவும் அறிவு, காப்புரிமையை எதிர்ப்பதற்குரிய காரணங்களுள் ஒன்றாகும். விண்ணப்பம் வெளியிடப்பட்ட பின், காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன், எவரும் எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். இதற்கு வழக்கறிஞராகவோ அறிவியலாளராகவோ இருக்க வேண்டியதில்லை. வழங்கப்பட்ட பின்னரும் ஓராண்டிற்குள், அதனால் பாதிக்கப்படுவோர் எதிர்க்கலாம். விண்ணப்பங்கள் காப்புரிமை அலுவலகத்தின் வார இதழில் வெளியிடப்படுகின்றன.

ஆயினும் வாய்மொழி அறிவு இருந்தது என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு எதிர்ப்பவரையே சாரும். அறிந்த முதியவர் மறைந்தால் சாட்சியும் மறைகிறது. இக்குறையைப் போக்கும் ஒரு வழி, 2002 ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் கீழ் ஊர்தோறும் தயாரிக்கப்பட வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஆகும். ஊரின் செடிகொடிகள், உயிரினங்கள், அவற்றின் பயன்பாடு குறித்து ஊரார் அறிந்தவை இதில் எழுதப்படுகின்றன. கோட்டுச்சேரி போன்ற பகுதிகளின் உள்ளாட்சி அமைப்புகளும் இச்சட்டத்திற்கு உட்பட்டவையே. அமெரிக்காவில் மஞ்சள் மீட்கப்படுவதற்கு 1953 இல் எழுதப்பட்ட ஒரு கட்டுரை உதவியது போல, இன்று ஓர் ஊரில் எழுதிவைக்கப்படும் பதிவு பிற்காலத்தில் சான்றாக அமையக்கூடும்.